பம்பாய்–கல்கத்தா லைன்

நாக்பூர், 1998

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா?

முதலாளி என்னைப் பாராட்டினார். திரும்பும் லோடை முன்பே பேசிவைத்து, இரண்டு டிரைவரும் மாறி மாறித் தூங்கி, வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால்தான் லாபம் என்று திட்டம் போட்டது நான்தானே.

போன நடையில், என்னோடு ஓட்டிய சாணார்பட்டி வியாகப்பன் காய்ச்சலில் படுத்தான், வழியிலேயே செத்துப்போனான். பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"செத்தவனுக்கு என்னப்பா அவசரம்? நின்னா திரும்புற லோடு போயிரும். சரக்கை இறக்கிட்டு அவனைப் பாரு."

அப்படியே செய்தேன். நீ பயப்படாதே.

பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. உன் தம்பி சேவியரை உடனே அனுப்பு. ஊறுகாய் கொடுத்துவிடு. போர்வையும் கொண்டுவரட்டும், வண்டியில் இருந்ததை வியாகப்பனோடு புதைத்துவிட்டோம்.

லோடு ஏறிவிட்டது.

உன்
அருளப்பன்