ஃபெயிலாகத் தெரியாதவள்

பிப்ரவரி 4

அன்புள்ள மகனுக்கு,

நலம். நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்புவதாகக் காணோம்.

உன் ஏற்பாட்டின்படி இங்கிலீஷ் கோச்சிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிட்டேன். செருப்புக் கடைக்கு மேல் மாடி. உன்னோடு வந்து நிரந்தரமாக இருக்க விசா வேண்டுமானால் எழுபத்து நான்கு வயதில் நான் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டுமாம். உனக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தது யார் என்று அந்த விசா ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் கான்வென்டில் தப்பு இங்கிலீஷ் பேசினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். நான் ஒருநாளும் நின்றதில்லை.

முதல் பாடமே 'தனிமையும் மனித உறவுகளும்'. மாஸ்டர், கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு, போர்டில் எழுதினார்: லோன்லினெஸ், ஐசொலேஷன், கம்பானியன்ஷிப். பிறகு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார். கணவன் இறந்த பிறகு அந்த மூதாட்டி எப்படி உணர்ந்தாள் என்று கேள்வி. வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் 'பசியாக' என்று எழுதினேன்.

"மேடம், அங்க லோன்லின்னு வரணும்."

"ஏன் வரணும்? நான் எழுதினது தப்பா?"

"தப்புன்னு இல்ல மேடம். ஆன்சர் கீயில இல்ல."

"அப்ப உங்க ஆன்சர் கீ இன்னும் யாரையும் பறிகொடுக்கல."

மாஸ்டர் டையைச் சரிசெய்துகொண்டார்.

உன்னிடம் சொல்கிறேன், உன் அப்பா போன மறுநாள் எனக்கு நிஜமாகவே பசித்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டு ரொட்டி தின்றேன். அதனால் அவர் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று ஆகிவிடுமா? அவர் குளியலறையில் சுருதி இல்லாமல் பாடுவது இன்றைக்கும் காதில் விழாதா என்றிருக்கிறது. அது காலியிடம் இல்லை, யாரும் வந்து நிரப்ப வேண்டாம்.

மருமகள் எப்படி இருக்கிறாள்? அவள் ஒரு வரி எழுதி எத்தனை நாளாயிற்று.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். பாவம் அந்த மாஸ்டர், அவர் பிழைப்பில் மண்ணைப் போடாதே.

ஒரு விஷயம் நீ எழுதவில்லை. எதிர் ஃப்ளாட் பல் டாக்டர் போனில் சொன்னார். மாடிப்படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாயாம். அவர் ஓடி வந்தால், "ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்தேன்" என்றாயாம். மூன்று மாடி ஏறி இறங்கும் வயதா அம்மா இது? நீ அங்கே ஒண்டியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விசா ஃபாரத்திலும் அதைத்தான் எழுதினேன், 'அம்மா தனிமையில் வாடுகிறார்' என்று.

இங்கே கீழ்த்தளத்தில் உனக்கு ஓர் அறை ஒழித்துவிட்டேன். நானே பெயின்ட் அடிக்கிறேன், இளம்பச்சை. சனி ஞாயிறுகளில் எனக்கு வேறு வேலையும் இல்லை. இப்போதெல்லாம் நின்றபடி, சமைத்த பாத்திரத்திலேயே சாப்பிட்டு, அதையும் கழுவி வைத்துவிடுகிறேன். நீ வந்தால் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பரீட்சையை மட்டும் பாஸ் பண்ணிவிடு. மற்றதெல்லாம் என் பொறுப்பு.

உன் மகன்


மார்ச் 8

அன்புள்ள மகனுக்கு,

பல் டாக்டர் பல்லைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஃபாரத்தில் நீ எழுதியதற்கு என்ன சொல்ல? வாடுகிறேனாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கீரைக்கட்டா நான், வாடுவதற்கு?

வகுப்பில் இப்போது பேச்சுப் பயிற்சி. 'உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.' மாஸ்டர் ஒரு மாதிரி பதில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூட நண்பன், உயரமானவன், கிதார் வாசிப்பான், கஷ்டத்தில் தோள் கொடுப்பான். எல்லோரும் அதை நெட்டுருப் போட்டுவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. அந்த மாடி முழுவதற்கும் ஒரே ஆருயிர் நண்பன், ஒரே கிதார்.

எனக்கு ஜோடி ஒரு லாரி டிரைவர். அவன் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். அவளிடம் போய்ச் சேரத்தான் பரீட்சை எழுதுகிறான்.

"யாருப்பா இந்த கிதார்காரன்?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் பெரியம்மா? வண்டி ஓட்டும்போதும் அவனைத்தான் மனப்பாடம் பண்றேன். என் வீட்டுக்காரிகூட பேசறதவிட அவன்கூட பேசறதுதான் ஜாஸ்தி."

"அவளைப் பத்தியே சொல்லேன். நெருக்கமானவதானே?"

"அவளைப் பத்தி ஆரம்பிச்சா தொண்டை அடைச்சுக்கும் பெரியம்மா. மார்க் போயிடும்."

அவனுக்கு இந்தப் பரீட்சை தேவை. எனக்கு இல்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். நான் ஃபெயிலாகப் போகிறேன். 'வரமாட்டேன்' என்று சொன்னால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். ஃபெயிலானால் பழி விசா ஆபீஸ் மேல் போகும். எல்லோருக்கும் சௌகரியம்.

மருமகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பெயின்ட் நிறம் எழுதியிருக்கிறாய்.

அம்மா


மார்ச் 21

அம்மா,

அப்படிச் செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அவளுக்கு ஆபீசில் வேலை அதிகம். அவ்வளவுதான், ஒன்றுமில்லை.

எல்லோர் வீட்டிலும் அம்மா வந்து இருக்கிறார்கள். நீ மட்டும் ஏன் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறாய்? நீ வந்தால்தான் இது வீடு மாதிரி இருக்கும். ஃபெயிலாகாதே.

உன் மகன்


ஏப்ரல் 17

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ரிசல்ட் வந்தது. எழுத்தில் முழு மதிப்பெண், பேச்சிலும் முழு மதிப்பெண். மாஸ்டர் என் போட்டோவைக் கேட்கிறார், வாசல் போர்டில் ஒட்டுவதற்கு. மூதாட்டிக்குப் பசிக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபெயிலாக வேண்டும் என்று உறுதியாகத்தான் போனேன். கட்டுரைத் தலைப்பு, முதியவர்கள் தனியாக வாழ்வது சமூகத்தின் தோல்வியா என்பது. முதல் வரியை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டைக் காலரில் குழம்பு சிந்தியது மாதிரி இருந்தது. அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அப்புறம் கை நிற்கவில்லை. தோல்வி இல்லை என்று மூன்று பக்கம் எழுதி, நேரம் மீதி இருக்க, கமா போட்டது வரை சரிபார்த்துவிட்டு எழுந்தேன். உலகத்தில் எனக்குச் செய்யத் தெரியாத காரியம் ஒன்று இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்தது.

பேச்சுத் தேர்வு நடத்தியவளுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, உங்களுக்கு நெருக்கமானவர் யார் என்றாள். கிதார்காரனைச் சொல்லியிருந்தால் ஃபெயிலாகியிருப்பேனோ என்னவோ. வாயில் வந்தது என் மருமகள். அவள் ஒருத்திதான் என் முகத்துக்கு நேரே, "அத்தை, நீங்க சொல்றது தப்பு" என்று சொன்னவள் என்றேன். கல்யாணமாகி வந்த புதிதில், நான் மடித்து வைத்த துணியைப் பிரித்துத் தன் இஷ்டத்துக்கு மடித்தாள். நான் மறுபடி பிரித்து மடித்தேன். அவள் மறுபடியும். ஒரு மதியம் முழுக்க இதே வேலை. கடைசியில் இரண்டு பேரும் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தோம். இதை அந்த ஜலதோஷக்காரியிடம் விலாவாரியாகச் சொன்னேன். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும், "அப்புறம்?" என்றாள்.

இனி ஒளிந்துகொள்ள எனக்கு ஃபெயில் இல்லை. ஆகவே நேராகவே சொல்கிறேன். நான் அங்கே வந்து இருக்கப் போவதில்லை. முடியாமல் அல்ல, இஷ்டமில்லாமல்.

நீயும் நேராகச் சொல். உன் கடிதங்களில் ஒரு பாத்திரம்தான் இருக்கிறது, ஒருவன்தான் நின்று சாப்பிடுகிறான். அவள் எங்கே?

அம்மா


மே 2

அன்புள்ள அம்மாவுக்கு,

அவள் போய் எட்டு மாதமாகிறது. இதே ஊரில்தான் தனியாக வீடு எடுத்திருக்கிறாள்.

நீ நினைக்கிற மாதிரி சண்டை எதுவும் இல்லை. சண்டைகூட இல்லை என்பதுதான் தன் மனக்குறை என்றாள். எதைக் கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்று சொல்கிறவனோடு எத்தனை வருஷம்தான் குடித்தனம் பண்ணுவது என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெட்டியைக் கார் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லோரிடமும் அம்மா தனியாக இருக்கிறாள், அம்மா தனியாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது சொல்லச் சுலபமாக இருந்தது.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதத்துக்கு உனக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்லாதே. வந்துவிடு அம்மா. என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை.

உன் மகன்


மே 30

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கு எழுத வரும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு கடிதத்தில்தான் நீ எழுதியிருக்கிறாய்.

மாட்டேன்.

ராட்சசி என்று நினைத்தாலும் பரவாயில்லை. நான் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணாடி போல் தெரிகிறது. நீ கேட்காமலே நான் தட்டு வைப்பேன். நீ பேசாமலே சாப்பிடுவாய். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன், ஏனென்றால் நான் பெற்றவள். இரண்டு பேரும் அதற்குக் குடும்பம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தப் பச்சை அறையில் நான் உட்கார்ந்திருக்கும் வரை நீ எந்த மனுஷரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு நான் துணை போக மாட்டேன். நாற்பத்தைந்து வயது மகனுக்கு வாயாக இருக்க எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று. மருமகளுக்கு அவள் ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். திரும்பிப் போ என்று எழுதவில்லை, அது நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. நீங்கள் பிரிவது உங்கள் விவகாரம். அவளிடமிருந்து என்னையும் சேர்த்துப் பிரிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எட்டு மாதமாக அவள் என்னைக் கைவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவளைக் கைவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பதில் வந்துவிட்டது, நான்கு பக்கம். என்ன எழுதியிருக்கிறாள் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது எனக்கும் அவளுக்கும்.

லாரி டிரைவரும் பாஸ். ரிசல்ட் வந்த அன்று கிதார்காரன் அச்சடித்த தாளை நான்காகக் கிழித்து என் கையில் கொடுத்தான். "இவன் செத்தான் பெரியம்மா, நீங்களே அடக்கம் பண்ணிடுங்க" என்றான். விமானம் இறங்கியதும் மனைவியிடம் முதலில் என்ன பேசுவது என்று கவலைப்படுகிறான். கவலைப்படவாவது செய்கிறான்.

எனக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, உன் பெயரில் ஒன்று போடு. ஒரு மாத லீவு கேள். கொடுக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கு, அதுவும் பயிற்சிதான். இங்கே எனக்குக் காவல் இருக்க வராதே, நான் விழுந்தால் எழுந்துகொள்வேன். என் மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு வா. அழ வேண்டுமானால் வந்து அழு, கேட்க நான் இருக்கிறேன். 'ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டு மட்டும் வராதே, கதவைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா