ஒன்பதாவது பாட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். போனில் நீ கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு எப்போதுமே நாக்கு எழாது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதப்போகும் வரிசை இது:

1. வீட்டுச் செய்தி.
2. நீ பதிவு செய்து அனுப்பிய எட்டுப் பாட்டுகள் பற்றி.
3. அவனைப் பற்றி ஒன்பதாவதாக ஒரு பாட்டு கட்டாயம் வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “மருமகளுக்கும் நம்பர் போட்டுத்தான் எழுதணுமா? இது என்ன மெமோவா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து மூடுகிறேன். பழைய கிட்டாரை, நீ சொன்னபடி கம்பிகளைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தாயிற்று. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். “பையன் தவறி ஒரு வருஷம் ஆகப்போகுதே சார்” என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். “அப்படியா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாட்டுகளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒன்று விடாமல் கேட்டேன். எனக்கு இசை தெரியாது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள். லிஃப்ட் பாட்டில் ஒவ்வொரு மாடிக்கும் உன் கை கிட்டாரில் ஒரு கட்டம் மேலே ஏறுகிறது என்று உன் டிரம்மர் ஒல்லி வந்தபோது விளக்கினான். கதவு திறக்கிறது, யாரும் ஏறவில்லை, மூடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் முடிந்த பிறகும் நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. பல் பிடுங்கிக்கொண்டவள் மரத்த கன்னத்தைக் கடித்துப் பார்க்கும் பாட்டுக்கு அத்தை சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது.

மேளம் சேர்க்காமல், கம்பியில் விரல் உரசும் சத்தத்தைக்கூட நீக்காமல், பாடுவதும் வாசிப்பதும் ஒன்றாகவே பதிவாக வேண்டும் என்கிறாய். அதை விட்டுக்கொடுக்காதே. “இந்த ஆல்பத்துல எனக்கு வேலையே இல்ல மாமா, டீ வாங்கிட்டு வர்றதுதான்” என்று ஒல்லிக்கு மட்டும் மனத்தாங்கல்.

இனி மூன்றாவது. ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். “புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு பாடுது. அவரைப் பத்தி ஒரு பாட்டு இல்லைன்னா எவன் கேப்பான்?” ஒல்லி அவர் குரலிலேயே நடித்துக் காட்டினான். அத்தை, “எட்டைப் போட்டா போடட்டும், இல்லைன்னா வேற ஆளைப் பாக்கட்டும்” என்றாள். ஆனால் நீ கேட்டது என்னை. “அவரைப் பத்தி எழுத உக்காந்தா கை மரக்கட்டையா இருக்கு மாமா. நீங்க வேணும்னு சொல்லுங்க, எப்படியாவது எழுதிடறேன்” என்றாய்.

வேண்டும் என்பதே என் எண்ணம். முதல் காரணம், உன் பாட்டுகள் வெளிவர வேண்டும். இத்தனை காலம் பிறர் பாட்டுகளையே மேடையில் வாசித்தாய். இரண்டாவது காரணம், அவனைப் பற்றி எங்காவது ஒரு பாட்டு இருக்க வேண்டும்.

உனக்கு உதவியாக இருக்கட்டுமே என்று நானே நாலு வரி எழுதிப் பார்த்தேன். ‘அன்பும் பண்பும் மிக்கவன், அனைவர் நன்மதிப்பையும் பெற்றவன்’ என்று வந்தது. அத்தை படித்துவிட்டு, “யாருக்கு நன்னடத்தைச் சான்றிதழ்?” என்றாள். கிழித்துவிட்டேன். பெற்ற மகனைப் பற்றி எழுதும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

பேனாவை வைத்துவிட்டு இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேலே உள்ள காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்காக நான் கேட்கவில்லை. அவன் போனதிலிருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அம்மா. நீ அவனைப் பாடினால் வந்துவிடும் என்று காத்திருந்திருக்கிறேன். என் அழுகையை உன்னிடம் எழுதித் தரச் சொல்வது நியாயமில்லை. உன் கையும் அப்படித்தானே இருக்கிறது.

எட்டோடு நிறுத்து. கம்பெனிக்காரர் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ நினைத்தது நினைத்தபடி அமையட்டும்.

மூன்றாவது குறிப்பு தவறு.

இப்படிக்கு,
மாமா