இவ்வூரில் இல்லை

முசஃபா
அபுதாபி
24.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டித்துரை எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பென்ஷன் ஒழுங்காக வருகிறதா? கனகாவுக்குப் புருஷனாகச் சொல்ல வேண்டியதைத் தனியாக எழுதியிருக்கிறேன். இதை முதலில் நீங்கள் படியுங்கள்.

ஒரு விஷயத்தை ஒரு வருஷமாக மறைத்துவிட்டேன். நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையைப் பூட்டி பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு விசா போட்ட கபீல் பாஸ்போர்ட்டோடு போய்விட்டார். போகிற போக்கில் நான் ஓடிப்போய்விட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த அன்று நான் அந்தப் பட்டறைக்குள்ளேதான் படுத்திருந்தேன். லேபர் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்த மலையாளத்து டைப்பிஸ்ட் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓடிப்போயாச்சு அண்ணே" என்றான். "முன்னாடி நிக்கிறேனேப்பா" என்றேன். "கம்ப்யூட்டர்ல ஓடியாச்சு. கலாஸ், முடிஞ்சது" என்றான்.

அன்றிலிருந்து விசா இல்லாத ஆள். இரும்புக்கடையில் ஒளிந்து கூலி வேலை. போன் பூத் வாசலில் நின்று பத்தாக்கா கேட்கிறார்கள், அதுதான் இங்கே நம் அடையாள அட்டை. அதனால்தான் நான் போன் பேசுவதில்லை. எனக்கு வரும் கடிதங்களைக் கீழக்கரை சேகு முகம்மது காக்கா அவர் கடைத் தபால் பெட்டியில் வாங்கி வைக்கிறார்.

இப்போது பொதுமன்னிப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் போனால் அபராதமும் இல்லை, ஜெயிலும் இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு ஊர் திரும்ப நம் தூதரகத்தில் அவுட்பாஸ் தருவார்கள். அதற்கு நான் நம் ஊர்க்காரன்தான் என்று தாசில்தார் கையெழுத்தோடு ஒரு சான்று வேண்டும். அது ஒன்று போதும், வந்துவிடுவேன்.

உங்கள் தம்பி,
பாண்டித்துரை

சாத்தனேந்தல்
12.2.2003

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். கடிதத்தைக் கனகாவும் நானும் சேர்ந்து படித்தோம். அவள் அழுதாள். பிறகு நீ வரப்போகிறாய் என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனோம். இருப்பிடச் சான்று என்றேன். எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"மனுதாரர் எங்கம்மா?"

"அபுதாபியில."

"அப்ப அவரு இங்க குடியிருக்கலையே. குடியில்லாத ஆளுக்கு எப்படி இருப்பிடச் சான்று?"

"இங்க வர்றதுக்குத்தான் சார் அந்தச் சான்றே."

"வரட்டும். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா கையோட தந்துடுறேன்."

கேலி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் சொன்னார்.

பள்ளியில் நான் வருகைப் பதிவு எடுத்த காலத்தில் கவனப்பிசகாக ஒரு பையனுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டால், "டீச்சர், இருக்கேன்" என்று எழுந்து நிற்பான். அடித்துத் திருத்தி இனிஷியல் போடுவேன். அரை நிமிட வேலை. இவ்வளவு பெரிய சர்க்காருக்கு அது ஏன் முடியவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நான்கு நாள் அலைந்தபின், பூர்வீகச் சான்றுக்கு மனுப் போடலாம் என்றார்கள். போட்டிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டுமாம். அதற்குள் உன் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலை இதோடு அனுப்புகிறேன். அதில் ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது. காட்டிப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. பயப்படாதே. நாற்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவள் நான். முறையாகக் கேட்டால் தராமல் இருக்க மாட்டார்கள்.

உன் அக்கா,
ஜெயமணி

முசஃபா
26.2.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தூதரகத்தில் மாற்றுச் சான்றிதழைக் காட்டினேன். காலை நான்கு மணிக்குப் போய் நின்று பகல் ஒரு மணிக்கு ஜன்னலை எட்டினேன். "இது நீ படிச்சதுக்கு ஆதாரம். நீ இருக்கறதுக்கு இல்ல" என்றார் உள்ளே இருந்த அதிகாரி. ரேஷன் கார்டு அல்லது வாக்காளர் பட்டியலை வைத்து ஊரில் சான்று தருவார்களாம்.

என்னோடு தங்கியிருக்கும் சேதுமாதவனுக்கு அவன் பஞ்சாயத்திலிருந்து ஒரு வாரத்தில் தாள் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போகிறான். "பாண்டி, நின்டெ ஆபீசர் உறக்கமாணோ?" என்று கேலி பண்ணுகிறான். "எங்க ஆபீசரெல்லாம் ஸ்ட்ரிக்ட்டுடா. ஊர்ல ஒரு டீச்சர் அக்கா இருக்காங்க, விடமாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் பாருங்கள் அக்கா. ராத்திரி லாரிச் சத்தம் கேட்டாலே எழுந்து செருப்பைத் தேடுகிறேன்.

பாண்டித்துரை

சாத்தனேந்தல்
19.3.2003

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கிராம நிர்வாக அலுவலர் பத்மநாபன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். ரேஷன் கார்டைப் புதுப்பித்தபோது, வெளிநாட்டில் இருப்பவருக்கு அரிசி வாங்குவது தப்பு என்று உன் பெயரை நானே எடுக்கச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. வாக்காளர் பட்டியல் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். அவர் ஒரு பழைய படிவத்தை எடுத்து வைத்தார். உன் பெயருக்கு நேரே சிவப்பு மையில், "இவ்வூரில் இல்லை. நீக்கலாம்."

"யார் சார் இதை எழுதினது?" என்றேன்.

"கையெழுத்தைப் பாருங்க டீச்சர்."

என் கையெழுத்து.

ஓய்வு பெறுமுன் வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பணியை எங்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவர்களை நீக்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தேன். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்வரை அதை மறந்தே போயிருந்தேன்.

"உங்க எழுத்தை வச்சுக்கிட்டு, இந்த ஆளு இந்த ஊருன்னு நான் எப்படி டீச்சர் எழுதறது?" என்றார். "அவன் பொறந்தது உங்களுக்குத் தெரியாதா பத்மநாபன்? உங்க வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வச்சதே அவன்தானே?" என்றேன். "எனக்குத் தெரியும் டீச்சர். ஃபைலுக்குத் தெரியணுமே" என்றார்.

ஒரு வழி சொல்கிறார். அந்த வீட்டுக்குப் போகாமலே கவனக்குறைவாக எழுதிவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால், அறிக்கை தருவாராம். அது பொய். போகாத வீடா? நான் குடியிருக்கும் வீடு. அப்படி எழுதினால் துறையிலிருந்து விளக்கம் கேட்பார்கள், பென்ஷனில் கை வைத்தாலும் வைப்பார்கள் என்றும் அவரே சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன், தம்பி. தாசில்தார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கனகாவிடம் நானே சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. வேளைக்குச் சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

உன் அக்கா,
ஜெயமணி

முசஃபா
30.4.2003

அக்காவுக்கு,

இன்று பகல் ஒரு மணிக்கு ஜன்னலை மூடிவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு அறுபது பேர் இருந்திருப்பார்கள். என் கையில் தாள் இல்லை. இருந்தும் நின்றேன். நின்றால் ஏதாவது நடக்கும் என்று ஒரு நினைப்பு. யாரோ ஒருவன் கண்ணாடியில் ஓங்கித் தட்டினான். போலீஸ் வருவதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டோம்.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். ராஸ் அல் கைமா மலைப்பக்கம் கல் குவாரியில் பத்தாக்கா கேட்காமல் ஆள் எடுக்கிறார்களாம். பிடிக்கிற வரைக்கும் வேலை. பிடித்தால் ஜெயில், அங்கேயும் அவுட்பாஸ் இல்லாமல் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். இனி எனக்கு விலாசம் இருக்காது. கனகாவை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். எனக்காக அவள் காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீங்கள் எழுதியது உண்மைதான். நான் ஊரில் இல்லைதான். இங்கே நான் ஓடிப்போனவன், அங்கே இல்லாதவன். சேகு முகம்மது காக்கா, "அப்ப நீ யாருடா, ஜின்னு பிசாசா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் படிவத்தில் என் பெயர் வந்தபோது, ஒரு நிமிஷமாவது உங்கள் பேனா நின்றதா?

பாண்டித்துரை

சாத்தனேந்தல்
14.5.2003

அன்புத் தம்பிக்கு,

நிற்கவில்லை.

பொய் எழுதப் பழகிவிட்டேன் என்றாலும் உனக்கு எழுத மாட்டேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரை விட்டு வையுங்கள் என்று வீட்டுக்கு வீடு கெஞ்சினார்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நம் வீட்டிலிருந்தே தொடங்கினேன். முதல் பெயர் உன்னுடையது. "என் தம்பி பேரையே எடுத்துட்டேன், பாருங்க" என்று மற்ற வீடுகளில் படிவத்தைக் காட்டினேன். உன்னையும் சேர்த்துப் பதினோரு பேர். போன வாரம் மீதிப் பத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

கனகா ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். பஸ் ஏறும்வரை கூட நின்றேன். துறையிலிருந்து எனக்கு மெமோ வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. மே இரண்டாம் தேதி கையெழுத்தாகியிருக்கிறது. ஏப்ரல் முழுக்கத் தாசில்தார் பயிற்சிக்குப் போயிருந்தாராம், பொறுப்பில் இருந்தவருக்கு முத்திரை வைக்க அதிகாரம் இல்லையாம். உன் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கீழே ஊதா மையில் "ஆறு மாதங்களுக்கு மட்டும் செல்லும்" என்று அடித்திருக்கிறார்கள். ஆக, நவம்பர் இரண்டு வரைக்கும் நீ இந்த ஊர்க்காரன்.

ரிஜிஸ்டர் தபாலில் சேகு முகம்மது கடைப் பெட்டிக்கே அனுப்புகிறேன். குவாரிக்கு லாரி ஓட்டுகிறவர்கள் யாராவது அவர் கடைக்கு வந்தால், விசாரித்துக் கொடுக்கச் சொல்லி அவருக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அடுத்த சான்றுக்கான மனுவை அக்டோபர் முதல் வாரமே கொடுத்துவிடுவேன். பத்மநாபன் இப்போதே ஒரு படிவம் எடுத்துத் தந்திருக்கிறார்.

உன் அக்கா,
ஜெயமணி