கணுக்காலிலிருந்து ஏறிய ஊதாக் கோடுகள்

இன்று காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டி முழுக்கத் தைல வாசனை. இடமிருந்தும் உட்காராமல், இடது காலைத் தரையில் ஊன்றாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கே வலிக்கிறது என்று அவளிடம் கேட்கத் தேவைப்படவில்லை. திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

அப்போது நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நீ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. அந்தக் கோடை முழுக்க அடிபம்பிலிருந்து குடம் குடமாக, எப்போதும் இடது இடுப்பிலேயே தண்ணீர் சுமந்தேன். ஒரு நாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே இழுப்பு. மூன்று வயது மகளைத் தூக்க முடியவில்லை. மூன்று வாரத்தில் குறையாவிட்டால் முதுகில் ஆபரேஷன் என்றார் டாக்டர். அந்தப் பயத்திலேயே படுக்கையில் கிடந்தேன்.

நீதான் வந்து எழுப்பினாய். பத்து வருடம் ஆவடியில் இருந்தும் உன் நாகர்கோவில் பேச்சு மாறவில்லை.

"படுத்தே கெடக்கப்பிடாது, கேட்டியா. சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு நரம்பு இடுப்புலேருந்து கீழ ஓடுது. அது நசுங்கிக் கெடக்கு. அதுக்கு வழி விடணும்."

நீ போனபின் என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தடிமனாக ஒன்று எனக்குள் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, இருக்கிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல்.

தினமும் டியூட்டி முடிந்து வருவாய். பாயில் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொல்வாய். பிறகு தெருமுனை வரை நடை. கடைசியாக, வலி எதுவரை இறங்குகிறது என்று கேட்டு, தீக்குச்சியைப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் தோய்த்து அந்த இடத்தில் ஒரு கோடு போடுவாய். "பாதம் தொங்கிப்போனாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போனாலோ எனக்காகக் காத்திருக்காத. ஆஸ்பத்திரிக்கு ஓடிரு" என்பதையும் சொல்லாமல் போகமாட்டாய்.

கீரைக்காரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, கால்ல வரி வரியா கீது, புலி வேசம் கட்டப் போறியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாள் இடுப்பு எரிந்தது. முன்பு அங்கே அவ்வளவு வலித்ததே இல்லை. நீ வந்ததும் கத்தினேன். "இருந்ததையும் கெடுத்துட்ட. நாளைக்கே ஆபரேஷனுக்குச் சொல்லிடப் போறேன்."

நீ என் புடவையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கினாய். "ஏசுறதுக்கு முன்னால காலப் பாரு."

கணுக்காலில் வெளிறிய கோடு இரண்டு. கெண்டைக்காலில் மூன்று. முழங்காலருகே ஒன்று. தொடையில் நேற்றையது, அடர்ந்த ஊதாவில்.

"கீழ வலிக்கா?"

இல்லை. நீ கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"வந்த வழியே திரும்பிப் போவுது. கடைசியில இடுப்புலதான் நின்னு வலிக்கும். கணக்கு டீச்சர்தானே, கோடு எந்தப் பக்கம் ஏறுதுன்னு நானா சொல்லணும்?"

கரும்பலகையில் எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன். என் தோலின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததை நான் படிக்கவில்லை. அன்று அழுதது வலியால் அல்ல.

மூன்றாம் வாரம், மல்லாந்து படுத்து நான் நேராகத் தூக்கிய காலை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் பம்படியில் நீ விடவே இல்லை. அரைக்குடம்தான், இடுப்பு மாற்றி மாற்றித்தான், முழங்காலை மடக்கித்தான் தூக்கவேண்டும். வரிசையில் நின்ற பெண்கள் கேலி செய்தார்கள். ஒரு மாதத்தில் எல்லோரும் அப்படியே தூக்கினார்கள்.

வலி போய்விட்டது. இடது பாதத்தின் வெளியோரம் மட்டும் மரத்தே இருந்தது. "நரம்பு அவசரப்படாது. வந்தா வரட்டும், வராட்டியும் நடக்கலாம்" என்றாய். பதின்மூன்று வருடம் ஆகிறது. அது வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் உன் சவப்பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். வாசலில் நின்றபோதுதான் பார்த்தேன், புதுச் செருப்பின் வார் அறுத்து, மரத்த அந்த ஓரம் முழுக்க ரத்தம். எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

திரும்பும்போதும் நடந்தே வந்தேன்.