தாரை வார்க்க ஒரு சோடி

உடுவில்

அன்புள்ள பெரியண்ணைக்கு,

அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மிளகாய்க் கன்றுகள் வெயிலில் வாடுகின்றன, மற்றப்படி குறையில்லை.

தொலைபேசியில் என்றால் பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சுபாஜினியின் கலியாணத்தைப் பற்றி, "புருசனைப் பிரிஞ்சவள் மணவறையிலை ஏறித் தாரை வாத்தால் நான் வரமாட்டன். நீயும் உன்ரை மனுசனும் நில்லுங்கோ" என்றீர்கள். அதை அப்படியே உதயகலா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பதில் சொன்னது மகள் சுபாதான். "சின்னம்மா, என்னை வளர்த்த கை தண்ணி வாக்கட்டும். ஏலாதெண்டால் பதிவுக் கலியாணத்தோடை நிப்பாட்டுவம். பெரிய மாமா பட்டுவேட்டியை மடிச்சு வைக்கட்டும்" என்றாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை அவள்.

பிரிந்த பிறகு அத்தானைப் பற்றி ஒரு குறைச்சொல் அவள் காதில் விழ அக்கா விட்டதில்லை. சுபாவின் கலியாணக் கார்டில் முதலாவதையும் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்து, முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நான் வாறன். தாரையை நீர் வாரும், அதுதான் நியாயம்" என்றாராம் அத்தான். சேர்ந்திருந்த காலத்தில் இவ்வளவு மரியாதையை நான் அவர்களிடம் கண்டதில்லை.

ஐயரும் யோசித்துவிட்டு, "தாய்மாமன் பக்கத்திலை நிண்டால் செய்து வைக்கிறன்" என்றார். இல்லாவிட்டால் ஒரு சோடி வேண்டுமாம்.

அந்தச் சோடியாக நான் நிற்கமாட்டேன், அண்ணை. தாலிக்குப் பொன்னுருக்கலோ கலியாணமோ, ஊரில் முதலில் சோடியாகக் கூப்பிடுவது என்னையும் இவரையும்தான். பட்டு உடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். வீட்டுக்கு வந்தால் இவருடைய சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். சண்டையில்லை, கதைக்க ஒன்றுமில்லை. பெற்றவர் இடத்தில் நின்று தண்ணீர் வார்க்கும்போதெல்லாம், இந்தப் பெண்ணுக்கு நான் எதைக் கொடுக்கிறேன் என்று நினைப்பேன். சுபாவுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

வாருங்கள் அண்ணை. வந்து அக்காவின் பக்கத்தில் நில்லுங்கள். தனியாக வந்த ஒருத்தி தலைநிமிர்ந்து மணவறையில் ஏறுவதை ஊர் பார்க்கட்டும். நானும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

மருதடிப் பிள்ளையார் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
சுகந்தினி