சதுப்பில் நாற்பது நிமிடம்

மினசோட்டா,
ஜூன் 14

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் ஓவியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெக்சாஸில், சுகர் லேண்டில் இந்நேரம் வெயில் கொளுத்தும். மத்தியானத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடப் போகாதீர்கள். பிரஷர் மாத்திரையை அத்தை ஞாபகப்படுத்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கள் நம்பர் வந்தால் மூன்று வருஷமாக நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகன் நன்றாக இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் ஆஸ்பத்திரி வேலைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அவருடன் இங்கே வந்தேன். அவர் ஆராய்ச்சி செய்யும் சதுப்பு, ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் புல்வெளி. மேலேயிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். மைல் கணக்கில் வரப்பும் குட்டையும் மாறி மாறி, நம் கோபிப் பக்கத்து வயல்கள் போலவே இருக்கிறது. யாரும் வெட்டியதில்லை, தானாக உண்டானது என்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை குட்டை ஒன்றில் நட்டிருந்த குழாயில் நீர்மட்டம் பார்க்கப் போனார். கால் வைத்த இடம் பச்சைப் பாசி. கெட்டியாகத்தான் தெரிந்தது. அடுத்த நொடி மார்பளவு உள்ளே போய்விட்டார்.

நான் கத்திக்கொண்டு ஓடப் பார்த்தேன். "ஓடாத ஓவியா! வரப்பு மேலயே படு. வெயிட்ட ஸ்ப்ரெட் பண்ணு" என்றார். குப்புறப் படுத்து, நடப்பதற்குக் கொண்டுபோன பலகையை அவர் பக்கம் தள்ளினேன். பிடித்துக்கொண்டார். ஆனால் வலது காலைச் சேறு விடவில்லை. ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் ஐஸ். போனில் சிக்னல் இல்லை. எனக்கு அழுகை நிற்கவில்லை. இந்த வரப்பாவது தாங்குமா என்று கேட்டேன்.

"தாங்கும். மூவாயிரம் வருஷத்து வரப்பு" என்றார். பல் தந்தியடிக்க, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே, என் அழுகையை நிறுத்துவதற்காகப் பேசிக்கொண்டே இருந்தார். குளிர்ந்த தண்ணீருக்குள் காற்றில்லாததால் செத்த செடி சரியாக மக்குவதில்லையாம். அதன்மேல் அடுத்த பாசி வளரும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே அதிகம். எங்காவது விரல்கடை மேடு இருந்தால் அங்கே ஈரம் குறைவு, புதர் செழிக்கும், அது விழுந்து மேடு இன்னும் உயரும். கண்ணுக்குத் தெரியாத சரிவில் நகரும் தண்ணீரை அந்த மேடு குறுக்கே நின்று தடுக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் செடி அதிகம் வளராது, அதனால் அது பள்ளமாகவே இருந்துவிடும்.

"மேடு பள்ளத்தக் காப்பாத்துது, பள்ளம் மேட்டக் காப்பாத்துது. தண்ணி போற போக்க மாத்தாம விட்டாப் போதும்" என்றார். பக்கத்தில் நூறு வருஷத்துக்கு முன் விவசாயத்துக்கென்று வெட்டிய ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதைத் தாண்டிக் கீழ்ச்சரிவில் வரப்பும் இல்லை, குட்டையும் இல்லை. காய்ந்துபோய் மரம் மூடிவிட்டது. வாய்க்காலை அடைத்தால் பழையபடி வருமா என்பதுதான் அவர் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

நாற்பது நிமிடம் ஆனது. பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டு, புதரின் வேரைப் பிடித்து ஏறிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்புச் சூடு நன்றாகக் குறைந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை என்றார். இப்போது சளி மட்டும். மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை மாமா. நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த எண்ணெய்க் கம்பெனி வேலையை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டார். அது தப்புதான். பொங்கலன்று விருந்தாளிகள் முன்னால், "சேத்த அளக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்று நீங்கள் கேட்டதும் அவருக்கு ஆறவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்வி இருந்தது. வெளியே கேட்டதில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தக் கேள்வி என்னிடம் இல்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். மீறுகிறேன்.

காரில் ஹீட்டரைப் போட்டு, போர்வை சுற்றி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஹைவே வந்து சிக்னல் கிடைத்ததும் போனைக் கேட்டார். விரல் வளையவில்லை. இரண்டு தடவை தவறவிட்டு, ஒரு நம்பரை அழுத்தினார். ஒரே ஒரு ரிங் போனது. கட் செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு உங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். கை தவறி வந்ததல்ல அது.

அவர் மறுபடி அடிக்க மாட்டார். உங்கள் பிள்ளையாயிற்றே. மாதக் கடைசி வரை இங்கேதான் இருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரூமுக்கு வந்துவிடுவார், போன் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும். சளியைப் பற்றி மட்டும் விசாரித்தால்கூடப் போதும் மாமா.

உங்கள் இருவரின் ஆசியை வேண்டும்,
ஓவியா அகிலன்