கப்பல் பதிவில் மகள்

நேற்று மழையில் நனைந்து வந்து கறுப்புக் கோட்டைக் கொடியில் போட்டேன். ஈரக் கம்பளி வாடை அறை முழுக்க நின்றது. உன் கோட்டு. உன் காரியம் முடிந்ததும் உன் அம்மா மயிலாப்பூருக்கு வரச்சொல்லி, "அவ போட்டுண்டது, நீயே வெச்சுக்கோடி" என்று கொடுத்தார். தோள் எனக்குத் தொளதொளக்கிறது. அதிலும் நீ பெரியவள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மூன்று தலைமுறை வக்கீல் வீட்டுப் பெண் நீ. பர்மாவிலிருந்து வந்தவர்களின் குடியுரிமை வழக்குகளை எடுத்தாய். சனிக்கிழமைகளில் உன் வீட்டு மாடியில் சட்ட மாணவர்களுக்கு அவற்றையே பாடமாக நடத்தினாய். மனுக்களை எழுதியது நான். மாணவர்கள் உன் முகத்தையே பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பர்மியப் பெண் நினைவிருக்கிறதா? அடையாற்றங்கரைக் குடிசையில் தமிழ்க் கணவன், இரண்டு குழந்தைகள். ரேஷன் கார்டு கேட்கப் போன இடத்தில் தான் பர்மியர்களுக்குப் பிறந்த கதையை அரைகுறைத் தமிழில் உள்ளபடி சொல்லிவிட்டாள். நாட்டைவிட்டு வெளியேறு என்று நோட்டீஸ் வந்தது. "இவள அனுப்பிட்டா புள்ளைங்க இன்னாம்மா ஆவும்?" என்று உன் முன்னால் நின்றான் கணவன்.

விசாரணைக்கு முதல் நாள், அவர்கள் வந்த கப்பலின் பயணிகள் பதிவைப் பார்த்தேன். அதில் அவள் மாமனார் அவளைத் தன் மகள் என்று எழுதியிருந்தார். கணவனைக் கேட்டேன். "அப்பத்தான் கப்பல்ல ஏத்துவாங்கன்னாங்கம்மா. எல்லாரும் அப்டித்தான் எழுதினாங்க" என்றான். நம் மனுவிலோ அவள் மனைவி. அந்தக் காகிதத்தை வழக்குக் கட்டுக்குள் செருகிவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். ஒரே ஒருமுறை நீ பேச்சற்று நிற்பதைப் பார்க்கவேண்டும் எனக்கு.

பார்த்தேன். "என்னம்மா, மனுவுல பொண்டாட்டி, கப்பல்ல தங்கச்சியா?" என்று அதிகாரி சிரித்தார். நீ தாள்களைப் புரட்டினாய். பேச்சு சரியாகப் பிடிபடாத அவள், இடுப்பில் குழந்தையோடு, உன் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கினாள். அதை மட்டும் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எழுந்து, கப்பலில் ஏறுவதற்காக அப்படி எழுதியதைச் சொன்னேன். உடன் கப்பலில் வந்தவர்களைச் சாட்சிக்கு அழைத்துவர அவகாசம் கேட்டேன். கொடுத்தார். ஆறு பேர் வந்து அவள் மனைவிதான் என்று சொன்னார்கள். அவள் இங்கேயே இருந்தாள்.

அன்று படியிறங்கும்போது கேட்டாய்: "உனக்கு முன்னாடியே தெரியுமோன்னோ?"

"தெரியாது. அப்பதான் பார்த்தேன்."

என்னைச் சற்று நேரம் பார்த்தாய். "சரி, வா, காபி சாப்பிடலாம்."

வழக்கு முடிந்த சனிக்கிழமை மாணவர்களிடம், "நான் வாயடைச்சு நின்னேன். நின்ன இடத்துலயே கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது இவதான்" என்றாய். கை தட்டினார்கள். தோற்றதைக்கூட இவ்வளவு அழகாகச் சொல்ல உன்னால்தான் முடியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது அந்த வகுப்பு என்னுடையது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்த வழக்கைத்தான் கேட்கிறார்கள். நீ சொன்னபடியே சொல்கிறேன். உன்னைப் பார்த்ததுபோல் என்னைப் பார்க்கிறார்கள். முதல் நாளே பார்த்து மறைத்த உண்மை நாக்கு நுனி வரை வருகிறது. சொன்னால் மறுபடியும் நீதான் உயர்ந்துவிடுவாய். விழுங்கிவிடுகிறேன்.